சேய்மையும் அணிமையும்

ஓரூர்க்கும் மற்றோரூர்க்கும் இடையேயுள்ள தொலைவு யாது என்று வினவுவார்க்கு நம் முன்னோர் இருவகையாக விடை கூறினர். 'ஏழு காதம்' என்றனர். அன்றேல், 'விடியலிற் புறப்பட்டால் விளக்கு வைக்கும் பொழுதிற் சேரலாம்' என்றனர். நடப்பானுக்குப் பயன்படுவது இரண்டாவது விடையே. கட்டுச்சோறு எத்துணை வேண்டும், எச்சத்திரத்தில் இராத் தங்கவேண்டும், இடையிலுள்ள ஆற்றில் வெள்ளம் பெருகியிருப்பின் யாது செய்வது என்பனவெல்லாம் அவ்விடையினுள் அடங்கும். இக்காலத்தார் ஆகாய விமானத்திற் செல்லப் புகுங்கால் வினவுவதும் அதனையே. 'எத்தனை கிலோமீட்டர்' என்று கேட்பார் அரியர். 'எத்தனை மணி' என்றே யாவரும் கேட்கின்றனர்.

யான் வாழும் ஸ்ரீபெரும்புதூரில் இக்கேள்வி நாள்தோறும் எழுவதொன்று. பூதபுரி என்னும் பழம்பெயர் உடையதும், உடையவர் தோன்றிய பதியென வைணவ உலகம் போற்றுவதுமாகிய இவ்வூரைச் சூழ, இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும், சென்ற முப்பதாண்டுகளிற் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. கொரியாவினின்றும் செருமனியினின்றும் சப்பானினின்றும் பொறியியலார் இங்கு வருகின்றனர். இவண் பிறந்த பிள்ளைகள் அந்நாடுகளுக்குச் செல்கின்றனர். ஏரிக்கரையில் மாடு மேய்த்தவரின் பேரன், பிராங்க்பர்ட் நகரில் விமானம் மாறுவது எவ்வாறென்று தன் தம்பிக்குக் கற்பிக்கின்றான்.

எதிர்வீட்டுப் பிள்ளை ஒருவன் ஒரகடத்துச் சீருந்து ஆலையொன்றிற் பணி புரிபவன். ஆலையின் பொருட்டு இலண்டனுக்கும், அங்கிருந்து பாரிசுக்கும் செல்லவேண்டியவனாய், ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியிற் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, லண்டனிலிருந்து பாரிசுக்கு ஒன்றேகால் மணிதான். 350 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு" என்றான். "சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எத்தனை என்று பாரப்பா" என்றேன். பார்த்தான். 355 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி. "இரண்டும் ஒன்றுதான்!" என்று வியந்தான். அவனுக்கு அகவை இருபத்தாறு. இரண்டும் ஒன்றாய் இருந்திராத காலத்தை அவன் அறிந்திலன். அறியாதிருத்தல் அவன் நற்பேறு என்றே கொள்க.

அவன் கண்ட கணக்கின் இயல்பை முதற்கண் நோக்குவோம். மீனம்பாக்கத்து விமான நிலையம் வடக்கே 12 பாகை 59 கலை என்னும் அகலக்கோட்டில் உள்ளது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 9 பாகை 47 கலையில் உள்ளது. கிழக்கு மேற்கில் இரண்டற்கும் வேறுபாடு பத்துக் கிலோமீட்டர் அளவே. ஆதலின் சென்னையினின்று தென்திசை நோக்கி நேரே ஒரு கோடு இழுத்தால் அது பலாலியின் மேற் சென்று விழும். இடைப்பட்ட 3 பாகை 12 கலையை 192 கலையாக்கி, ஒரு கலைக்கு ஒரு கடல்மைல், அஃதாவது 1.852 கிலோமீட்டர், எனப் பெருக்கினால் 355 வரும். நிலப்படமும் எழுதுகோலும் உள்ளவர் எவரும் இதனைத் தாமே செய்து காணலாம். யான் பன்முறை செய்து பார்த்திருக்கின்றேன். ஏன் என்பது பின்னர் விளங்கும்.

இத்தடத்திற் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்னும் சிறு விமானம். விசிறிகள் சுழன்று இழுக்கச் செல்வது. பலாலியின் ஓடுபாதையிற் செப்பனிடப்பட்ட பகுதி நீளங் குறைந்தது ஆதலின் பெருவிமானங்கள் அங்கு இறங்குவதில்லை. அதன் விரைவு மணிக்கு 500 கிலோமீட்டர் என்று கொண்டால் 43 நிமிடத்திற் சேர்ந்துவிடல் வேண்டும். அட்டவணையோ 75 நிமிடம் என்கின்றது. எஞ்சிய அரைமணி யாண்டுச் சென்றது? சக்கரத்திற்கு முட்டுக் கொடுத்த கட்டையை அகற்றிய கணந்தொட்டு, சென்று சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்குங் கணம் வரை எண்ணுவதே விமானத்தார் வழக்கு. நிலத்தில் ஊர்வதும், முன்னுள்ள விமானத்தின்பின் காத்து நிற்பதும், மேலேறுவதும், வட்டமிட்டு இறங்குவதும் அதனுட் சேரும். குறுந்தொலைவுப் பயணத்தில் இவையே பெரும்பகுதி.

இதனால் ஒரு விந்தை நிகழ்கின்றது. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே ஏறக்குறைய 650 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தினும் இருமடங்கிற்குச் சிறிதே குறைவு. எனினும் தாரை விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் செல்வதாகலின், கொழும்புப் பயணமும் ஒன்றேகால், ஒன்றரை மணியில் முடிகின்றது. அட்டவணையை மட்டும் நோக்குவான் ஒருவன் யாழ்ப்பாணமும் கொழும்பும் நமக்கு ஒத்த தொலைவில் உள்ளன என்றே முடிவு செய்வான்.

இலண்டன் பாரிசு வழியிலும் இதுவே இயல்பு. அங்கே 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் நாடோறும் செல்லும் விமானப் போக்குவரவு தொடங்கிற்று. நாடுவிட்டு நாடு செல்லும் நாள்தோறுமான விமானப் பயணத்திற்கு அதனையே முதலாகக் கூறுவர். போரில் ஈடுபட்ட விமானத்தைத் திருத்தியமைத்து ஒரே பயணியை ஏற்றிச் சென்றனர். அவர் இரண்டரை மணியிற் சென்று சேர்ந்தார். நூறாண்டு கடந்து, விரைவு நான்கு மடங்கு மிகுந்தும், பொழுது பாதியளவே குறைந்தது. 1994-இற் கடலடிச் சுரங்கம் திறக்கப்பெற்றபின் புகைவண்டியே விமானத்தோடு போட்டியிட்டு, இப்பொழுது நகரின் நடுவிலிருந்து நகரின் நடுவிற்கு 2 மணி 16 நிமிடத்தில் கொண்டு சேர்க்கின்றது. விமான நிலையத்திற்குச் செல்லும் பொழுதையும் காத்திருக்கும் பொழுதையும் கூட்டிப் பார்க்கும் அறிவுடையோர் வண்டியையே விரும்புகின்றனர் என்று கேள்வி.

இனி நம் கடலுக்கு வருவோம். இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே ஒரு சிறுகடல் கிடப்பது போன்றே சென்னைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையே ஒரு சிறுகடல் கிடக்கின்றது. இதனைப் பெருந்தடையாக நம் முன்னோர் எண்ணினர் என்பதற்குச் சான்றில்லை. ஆளுடைய பிள்ளையார் இராமேச்சரத்தில் எழுந்தருளியிருந்து, கடலுக்கு அப்பாலுள்ள திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடிப் பணிந்தருளிய வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் உரைத்தருளினார். கோணமலை அங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 225 கிலோமீட்டர். கேதீச்சரம் 80 கிலோமீட்டர். பிள்ளையார் கடல் கடவாமைக்குக் காரணங் கூறுவோர் பலர். அவ்வாராய்ச்சியில் யான் புகவில்லை. கடவாமலே பாடினார் என்பதும், அப்பாடல் பெற்றமையால் அவ்விரு பதிகளும் பாடல்பெற்ற தலங்களுள் எண்ணப்பெற்றன என்பதுமே ஈண்டு வேண்டுவன. ஆறுமுக நாவலர் அவர்களோ, 1849-ஆம் ஆண்டில் அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுச் சென்னைக்கு வந்தார். பின்னரும் பன்முறை கடல் கடந்து வந்து 1864-இற் சிதம்பரத்திற் பாடசாலை நிறுவினார். பாய்மரத் தோணியும் காற்றின் போக்குமே அன்றைய அட்டவணை. எனினும், 'நாவலர் வெளிநாட்டினின்று வந்தார்' என்று சிதம்பரத்தார் எவரேனும் கூறியிருப்பரோ?

1914-இற் பாம்பன் பாலம் அமைந்தபின் எழும்பூரிற் புகைவண்டி ஏறித் தனுக்கோடியில் இறங்கி, மரக்கலத்தில் தலைமன்னார் சேர்ந்து, அங்கு மீண்டும் வண்டி ஏறும் வழி உண்டாயிற்று. 1947-ஆம் ஆண்டு திசம்பர் 10-ஆம் நாள் ஏர் சிலோன் என்னும் இலங்கை விமான நிறுவனத்தின் முதற்பயணமே இரத்மலானையினின்று யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு வந்தது. பலாலித் தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆங்கிலேய விமானப் படையினரால் அமைக்கப்பெற்று, போர் முடிந்தபின் மக்களுக்குப் பயன்பட்டது. ஆகவே இலண்டன் பாரிசு வழி திறந்து 28 ஆண்டு கழிந்த அளவில், நமக்கும் அதனோடொத்த ஒரு வழி திறந்தது. அவ்வழி வளர்ந்திருப்பின் இக்கட்டுரைக்கு இடமேயில்லை.

வளரவில்லை. 1964-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களிற் புயல் தனுக்கோடியை அழித்தது. இராமேச்சரத்தினின்று சிலகாலம் சென்ற மரக்கலமும் 1980-களிற் போர் மூண்டபோது நின்றது. சென்னை யாழ்ப்பாண விமானம் அதற்கு முன்னரே, 1970-களின் இறுதியில், நின்றுபோயிற்று. 355 கிலோமீட்டர் 355 கிலோமீட்டராகவே இருந்தது. அதனைக் கடக்கும் பொழுதுக்கு மட்டும் எண் இல்லாமற் போயிற்று.

எண் இல்லாமற் போயிற்று என்பதன் பொருளை யான் ஓர் அன்பர் வாயிலாக உணர்ந்தேன். வலிகாமம் வடக்கிற் பலாலியை அடுத்த சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர் அவர். 1990-இல் அப்பகுதி மக்கள் அனைவரும் ஊரைவிட்டு எழும்பியபோது, தாயார் ஒருபுறமும் இவர் ஒருபுறமுமாகப் பிரிய நேர்ந்தது. தாயார் மூத்த மகளோடு யாழ்ப்பாண நகர்ப்புறத்திற்குச் சென்றார். இவர் படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து உறவினர் ஒருவரைத் தேடி எம்மூர்ப் பக்கம் வந்து, அரிசி ஆலையொன்றிற் கணக்கு எழுதி வாழ்ந்தார். என் வீட்டிற்கு நான்காம் வீட்டிற் குடியிருந்தார். மாலைதோறும் திருமுறை ஓதுவார். பண் அறிந்து ஓதுபவர். ஆண்டுதோறும் வைகாசிப் பூசத்தன்று நாங்கள் இருவரும் பேருந்தேறிக் குன்றத்தூர் சென்று சேக்கிழார் பெருமான் குருபூசையிற் கலந்துகொள்வோம். திரும்பும் வழியில் அவர் ஒரு முறையேனும், "இங்கேயிருந்து எங்கள் வீடு எத்தனை மைல் இருக்கும், ஐயா?" என்று கேளாமலிரார். நிலப்படத்தை விரித்து யான் கணக்கிட்டது அவர் பொருட்டே. 220 மைல் என்றேன். "அவ்வளவுதானா!" என்றார். அடுத்த ஆண்டும் கேட்டார்.

1995-இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் மீண்டும் இடம்பெயர்ந்தபோது தாயார் தென்மராட்சிக்குச் சென்று, 1996-இன் தொடக்கத்தில் அங்கேயே சிவபதம் அடைந்தார். செய்தி வந்த வழியைக் கூறுகின்றேன். தமக்கையார் எழுதிய மடல் கைமாறிக் கைமாறிக் கொழும்பு சேர்ந்தது. அவரிடம் இருந்த முகவரி இலண்டனிலுள்ள மூத்த மகனுடையது ஒன்றே. ஆகவே மடல் இலண்டன் சென்றது. மூத்தவர் அதனைப் படித்துத் தம்பிக்கு ஒரு மடல் எழுதி, அதனோடு தமக்கையின் மடலையும் வைத்து எம்மூர்க்கு அனுப்பினார். தந்தி அடித்திருக்கலாகாதோ என்று யான் பின்னர் வினவியபோது, "அம்மாவின் மறைவைப் பத்துச் சொல்லில் எப்படிச் சொல்வது என்று அண்ணருக்கு மனம் வரவில்லையாம்" என்றார். 355 கிலோமீட்டர் வரவேண்டிய செய்தி 17,000 கிலோமீட்டருக்குக் குறையாமற் சுற்றி, 47-ஆம் நாள் எங்கள் தெருவுக்கு வந்தது. அந்தியேட்டிக்குரிய 31-ஆம் நாள் கழிந்திருந்தது.

பாரிசில் மற்றொரு தம்பியார் இருந்தார். அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். மூத்தவர் தொலைபேசியிற் செய்தி சொன்ன அன்று மாலையே விமானம் ஏறி, இரவு உணவுக்கு முன் இலண்டனில் தமையனாரின் வீட்டு வாயிலில் நின்றார். இருவரும் உடனிருந்து செய்யவேண்டியவற்றைச் செய்தனர். இவற்றையெல்லாம் மடலிற் படித்த என் அன்பர், மடலை மடித்து வைத்துவிட்டு, "அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனை மைல், ஐயா?" என்றார். அன்றிரவு நிலப்படத்தில் அளந்தேன். 215 மைல் அளவு வந்தது. இரண்டு நாள் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கேட்டார்; சொன்னேன். ஒன்றும் பேசாது எழுந்து சென்றார்.

ஒத்த தொலைவு, ஒத்த சிறுகடல், ஒரே வயிற்றிற் பிறந்த மக்கள். ஒருவர்க்கு ஒரு மாலைப்பொழுது, மற்றவர்க்குப் பொழுதே இல்லை. இதனை வினைப்பயன் என்று கூறி அமைவார் உளர். அவ்வாறு கூறும் உரிமை அவ்வன்பர்க்கு மட்டுமே உண்டு என்பதும், திண்ணையிலிருந்து கேட்பார்க்கு அஃது இல்லை என்பதும் என் துணிபு. காலத்தை மாயையின் காரியமாகிய தத்துவங்களுள் ஒன்றாக வைத்து எண்ணும் நம் நூல்களை யான் ஓதியவனேயாயினும், அன்று அவர்முன் அவற்றுள் ஒன்றனையும் எடுத்துரைக்க நா எழவில்லை.

தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியிலும் தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும் நோன்பிருத்தல் யாழ்ப்பாணத்துச் சைவ வழக்கு. அவர் ஊரார்க்கு இதற்குரிய இடம் கீரிமலைத் தீர்த்தம். நகுலேச்சரப் பெருமான் கோயிலை அடுத்துக் கடலோரத்தில் நன்னீர் ஊறும் கேணி அது. என் அன்பர் 1996 முதல் ஆண்டுதோறும் சித்திரா பௌர்ணமியன்று காஞ்சிபுரம் சென்று ஏகம்பத்தில் வழிபட்டு, மோட்சவிளக்கு ஏற்றி வருவார். ஒருமுறை அவரோடு சென்றிருந்தேன். ஏகாம்பரநாதர் திருமுன் நின்று தொழுதுவிட்டுத் தெற்கு நோக்கித் திரும்பிச் சற்றே நின்றார். யான் ஒன்றும் வினவவில்லை.

2009-இற் போர் முடிந்தபின் கொழும்பு வழியே செல்லும் வாய்ப்பு உண்டாயிற்று. சென்னையினின்று கொழும்புக்கு ஒன்றரை மணி பறந்து, அங்கிருந்து வடக்கு நோக்கி 400 கிலோமீட்டர் பேருந்திலோ புகைவண்டியிலோ ஏழெட்டு மணி திரும்பி வருதல் வேண்டும். சேரவேண்டிய ஊரின் அருகே வானிற் கடந்து தெற்கே சென்று, பின்னர் நிலத்தில் அதனை நோக்கி வடக்கே வருகின்ற பயணம் அது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் என்னும் பெயரோடு திறக்கப்பெற்றது. நவம்பர் 11 முதற் சென்னை விமானம் செல்லத் தொடங்கிற்று. நான்கு திங்களிற் பெருந்தொற்று வந்து நின்றது. 2022 திசம்பர் 12-இல் மீண்டும் தொடங்கிற்று. 2024 செப்டம்பர் முதல் நாளிலிருந்து மற்றொரு நிறுவனமும் நாள்தோறும் செலுத்துகின்றது. 2025-இல் திருச்சிராப்பள்ளியினின்றும் ஒரு வழி ஏற்பட்டது. நாகப்பட்டினத்தினின்று காங்கேசன்துறைக்கு 2023-இற் கப்பலும் தொடங்கி, இடையில் நின்று, மறுஆண்டு ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று.

வழி திறந்த உடனே அன்பர் புறப்பட்டுவிடவில்லை. அகதியாக வந்தவர் திரும்பிச் செல்லுதற்குக் கடவுச்சீட்டும், நாடு விட்டு வெளியேறும் இசைவும், அவற்றிற்கு முன்னும் பின்னும் பல தாள்களும் வேண்டும். அலுவலகம் தோறும் நடந்து அவை கைக்கு வரப் பல திங்கள் ஆயின. திரும்பி வருவதில்லை, தமக்கையாரோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். 2025-ஆம் ஆண்டுச் சித்திரா பௌர்ணமிக்கு முதல்நாள், மே 11, பயணம். கொண்டு விட்டு வருவதற்காகவும் கீரிமலை வழிபாட்டிற்காகவும் யானும் உடன் சென்றேன்.

அன்றைய பொழுதுக் கணக்கை எழுதி வைத்துள்ளேன். வீட்டினின்று 9 மணிக்குப் புறப்பட்டோம். குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் சென்று மீனம்பாக்கம் சேர்வது எங்கள் வழி. தொலைவு 35 கிலோமீட்டர் அளவு. ஞாயிற்றுக்கிழமையாயினும் ஒரகடத்துப் பக்கத்தினின்று வரும் சரக்குப் பெட்டக லாரிகள் வரிசையாக நின்றமையால் ஒன்றரை மணி ஆயிற்று. அஃதாவது, யாழ்ப்பாணம் செல்லும் பொழுதினும் கால் மணி மிகுதி. குன்றத்தூரிற் சேக்கிழார் பெருமான் திருவூரைக் கடக்கும்போது அவர் ஊர்தியை நிறுத்தச் சொல்லவில்லை, கைகூப்பினார். விமான நிலையத்தில் மூன்று மணிக்கு மேற் காத்திருந்தோம். பெட்டி நிறுத்தல், முத்திரை குத்துதல், சோதித்தல் எல்லாம் முடிந்து விமானம் எழும்போது பிற்பகல். வானில் இருந்தது 50 நிமிடத்திற்குச் சிறிது மிகுதி. பணிப்பெண் கொடுத்த நீரை அவர் அருந்தி முடிப்பதற்குள் கோடிக்கரை பின்னே சென்றுவிட்டது. கீழே கடல் வெளுத்துக் கிடந்தது. "இவ்வளவு தானா இந்தக் கடல்?" என்றார். 1990-இல் அதே கடலைப் படகிற் கடக்க ஓர் இரவு முழுதும் ஆயிற்று என்று முன்னர்க் கூறியிருந்தார்.

விமானம் தாழ்ந்தபோது பனைகளும் செம்மண்ணும் தோன்றின. அவர் பலகணியோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். அவர் தேடியது தம் வீட்டை அன்று. வீடு இல்லை என்பதை முன்னரே அறிவார். வீட்டின் பின்புறத்துக் கிணற்றைத் தேடினார். பலாலியைச் சூழ்ந்த நிலங்கள் 1990 முதற் படையினர் காவலில் இருந்தவை, போர் முடிந்தபின் பகுதி பகுதியாக உரியவர்க்கு விடப்பெற்றன, விடப்பெறாதனவும் உள. அவருடைய காணி விடப்பெறாதவற்றுள் ஒன்று. 355 கிலோமீட்டரை ஒரு மணியிற் கடந்து வந்தவர், ஓடுபாதையினின்று நடந்து செல்லக்கூடிய தொலைவிலுள்ள தம் வளவிற்கு அன்று செல்ல இயலவில்லை. அத்தொலைவிற்கு எந்த அட்டவணையும் இல்லை.

தமக்கையார் வாயிலுக்கு வெளியே நின்றிருந்தார். முப்பத்தைந்து ஆண்டு கழித்துக் கண்டவர் இருவரும் பேசிய முதற்பேச்சு, "சாப்பிட்டாயா?" என்பதும், "இன்னும் இல்லை, அக்கா" என்பதுமே.

மறுநாள் விடியலிற் கீரிமலை சென்றோம். பலாலியினின்று அது பத்துக் கிலோமீட்டருக்குள். கேணியில் அவர் மூழ்கி எழுந்து, கடலை நோக்கி நின்று, 29 ஆண்டு கழிந்த கடனைச் செய்தார். யான் படியில் அமர்ந்து அவர் உடைகளைக் காத்திருந்தேன். நகுலேச்சரப் பெருமான் சந்நிதியில் அவர் ஓதிய பதிகம் இன்னதென்று கூறவேண்டுவதில்லை; எங்கள் தெருவார் அனைவரும் அதனை அவர் வாயாற் கேட்டு மனனஞ் செய்தவரே. நான்கு நாள் அங்கிருந்து திருக்கேதீச்சரமும் கண்டு வணங்கி யான் மட்டும் மீண்டேன்.

இப்பொழுது அவர் அங்கும் யான் இங்குமாக இருக்கின்றோம். கிழமைக்கொரு முறை தொலைபேசியிற் பேசுகின்றார். இடையே ஒருநாள் அவரிடம் ஒரு செய்தி கூறினேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்திற்கும் இடைப்பட்ட பரந்தூரிற் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அமைப்பதாக 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பெற்றதும், 2025 ஏப்பிரலில் ஒன்றிய அரசு கொள்கையளவில் இசைவு அளித்ததும் அவர் இங்கிருந்தபோதே அறிந்தவை. அங்குப் பெருவிமானங்கள் இறங்கும்; ஒரகடத்து ஆலைகளின் சரக்கு செல்லும்; மீனம்பாக்கத்தின் நெருக்கம் தணியும் என்பர். இவை பொய்யல்ல. என் அளவிற் பார்த்தால், எம்மூர்க்குக் கிழக்கே மீனம்பாக்கமும் மேற்கே பரந்தூரும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ ஒத்த தொலைவே. எனினும் மேற்குச் சாலையில் நெரிசல் குறைவு ஆதலின் அரைமணியேனும் மிஞ்சும். யாழ்ப்பாண விமானம் அங்கிருந்து புறப்படுமானால் அவரைக் காணச் செல்லுதல் எளிதாகும் என்று மகிழ்ந்து கூறினேன்.

அவர் சிறிதுபொழுது பேசவில்லை. பின்னர், "அங்கே ஏரி இருக்கிறதல்லவா, ஐயா?" என்றார். இருக்கின்றது, ஒன்றன்று, பல. ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் வேண்டும் என்பதும், அதனுள் நன்செயும் ஏரிகளும் ஏகனாபுரம் முதலிய ஊர்களும் அடங்கும் என்பதும், ஏகனாபுரத்தார் 2022 முதல் எதிர்த்து நிற்கின்றனர் என்பதும் அவர் அறியாதன அல்ல. அரிசி ஆலைக்கு நெல் கொண்டுவந்தோரில் அப்பக்கத்தாரும் உளர்; அவர்கள் கணக்கை எழுதியவர் அவரே.

"எத்தனை குடி எழும்ப வேண்டி வரும்?" என்று கேட்டார்.

எத்தனை நிமிடம் மிஞ்சும் என்று யான் கணக்கிட்டு வைத்திருந்தேன். அவர் கேட்டதற்கு விடை என்னிடத்தில் இல்லை. வரும் தை பிறந்தபின் ஏகனாபுரம் சென்று, அறிந்தோரைக் கண்டு கேட்டு வந்து சொல்வதாகக் கூறியிருக்கின்றேன். எம்மூரினின்று பேருந்தில் ஒரு மணி என்கின்றனர்.